வாரம் ஒரு காசு: சங்கமும் சந்தாவும் வளர்ந்த வரலாறு

யூபிலி மலர் என்றால் அதில் கோயில் கட்டிய வரலாறு இருக்கும். கோபுரம் எழுந்த ஆண்டு இருக்கும். பணியாற்றிய பங்குத் தந்தையரின் பெயர்களும் படங்களும் வரிசையாக இடம்பெறும். அவையெல்லாம் வேண்டியவையே. ஆனால் எந்தப் பங்கிலும் எவரும் வரலாறு எழுதாத பொருள் ஒன்று உண்டு. அதுதான் சந்தா நோட்டு. இடப்புறம் பெயர்கள், மேலே மாதங்கள், கட்டங்களில் தொகை அல்லது ஒரு சிறு அடையாளம், ஆங்காங்கே வெற்றிடம். வின்சென்ட் தே பவுல் சபையாயினும், தொழிலாளர் சங்கமாயினும், இளைஞர் மன்றமாயினும், அன்பியமாயினும், தலைக்கட்டு வரி வாங்கும் ஊர்க் கமிட்டியாயினும், அதன் உயிர்நாடியை அந்த நோட்டில் தொட்டுப் பார்க்கலாம். வெற்றிடங்கள் கூடக் கூட, சங்கம் தளர்ந்து வருகிறது என்று பொருள்.

காணிக்கை வேறு; சந்தா வேறு. மனம் நிறைந்த ஒருநாளில் கொடுப்பது காணிக்கை. அதை எப்பொழுதும் கொடுக்கலாம், எவ்வளவும் கொடுக்கலாம், பெயர் சொல்லாமலும் கொடுக்கலாம். சந்தாவோ வாக்குக் கொடுத்துத் தருவது. இன்ன தொகை, இன்ன நாள், இன்ன பெயர் என்று அதற்கு வரையறை உண்டு. காணிக்கை தருபவர் கொடையாளர். சந்தா தருபவர் உறுப்பினர். உறுப்பினருக்குப் பேச உரிமை உண்டு, கணக்குக் கேட்க உரிமை உண்டு, தலைவரைத் தேர்ந்தெடுக்கவும் மாற்றவும் உரிமை உண்டு. பத்து ரூபாய்ச் சந்தாவின் மதிப்பு பத்து ரூபாயோடு முடிவதில்லை என்பதை வரலாறு நமக்குக் காட்டுகிறது. அந்த வரலாற்றில் சில பக்கங்களைப் புரட்டிப் பார்ப்போம்.

பழைய உரோமையில்

உரோமைக்குத் தெற்கே லனுவியம் என்றோர் ஊர். அங்கே கி.பி. 136-ஆம் ஆண்டில் பளிங்கில் பொறித்து வைத்த ஒரு சங்கத்தின் விதிகள் நமக்குக் கிடைத்துள்ளன. எளியவர்கள், அடிமைகள் முதலாய்ச் சேர்ந்து நடத்திய ஈமச் சங்கம் அது. சேருவோர் 100 செஸ்தெர்ஸ் காசும் ஒரு சாடி நல்ல திராட்சை இரசமும் நுழைவுக் கட்டணமாகத் தரவேண்டும். மாதச் சந்தா 5 ஆஸ். உறுப்பினர் இறந்தால் அடக்கத்துக்குச் சங்கம் 300 செஸ்தெர்ஸ் தரும். ஆனால் தொடர்ந்து ஆறு மாதம் சந்தா கட்டாதவர் இறந்தால் அவருக்கு ஒன்றுமில்லை. இது கல்லில் வெட்டிய விதி.

ஏறத்தாழ அறுபது ஆண்டுகளுக்குப் பின், கி.பி. 197-ஆம் ஆண்டையொட்டி, வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் நகரில் தெர்த்தூலியன் கிறிஸ்தவர்களுக்காக வாதாடி ஒரு நூல் எழுதினார். அதன் 39-ஆம் அதிகாரத்தில் கிறிஸ்தவக் கூட்டத்தின் நிதியைப் பற்றிப் பேசுகிறார். கிறிஸ்தவர்களுக்கும் மாதச் சந்தா இருந்தது. ஆனால் அதில் கட்டாயமில்லை. விரும்புகிறவர், அதுவும் இயலுமானால், தம்மால் முடிந்ததைத் தருவார். அந்தப் பணம் விருந்துக்குப் போகவில்லை. ஏழைகளுக்கு உணவு, அநாதைக் குழந்தைகள், முதியோர், கப்பலுடைந்து கரைசேர்ந்தோர், சுரங்கத்திலும் தீவிலும் சிறையிலும் விசுவாசத்திற்காக வாடுவோர், இறந்த ஏழைகளின் அடக்கம் ஆகியவற்றிற்கே அது செலவாயிற்று.

இவ்விரண்டு சங்கங்களும் வெளிப்பார்வைக்கு ஒரே மாதிரியானவை. இரண்டிலும் மாதப் பணம் உண்டு, பொதுப் பெட்டி உண்டு. வேற்றுமை ஒரே கேள்வியில் அடங்குகிறது: கட்ட இயலாதவனை என்ன செய்வது? லனுவியம் சங்கம் அவனை நீக்கிற்று. கிறிஸ்தவர்களின் பெட்டி அவனுக்காகவே திறந்தது. இந்தக் கேள்வி இன்றைக்கும் நம் சங்கங்களின் வாசலில் நின்றுகொண்டுதான் இருக்கிறது.

பணம் சேர்ப்பதில் புனித சின்னப்பர் காட்டிய கவனமும் இங்கே நினைக்கத் தக்கது. எருசலேம் ஏழைகளுக்காக அவர் கொரிந்து சபையாரிடம் நிதி கேட்டபோது, தாம் வரும் நாளில் அவசர வசூல் வேண்டாமென்றும், வாரத்தின் முதல் நாள்தோறும் ஒவ்வொருவரும் தம் வருவாய்க்கேற்ப எடுத்து வைக்க வேண்டுமென்றும் எழுதினார். பணத்தைக் கொண்டுபோகச் சபையாரே தெரிந்தெடுத்தவர்களை அனுப்பும்படி சொன்னார். பெரும் தொகையைக் கையாளுவதில் எவரும் குறை கூறாதபடி, வேறு சகோதரர்களையும் உடன் சேர்த்துக்கொண்டார். சிறுசிறு தொகை, குறித்த நாள், பலர் கை, பலர் கண். சங்கம் நடத்துவோர்க்கு வேண்டிய இலக்கணம் முழுவதும் இந்த இரண்டு மூன்று வசனங்களுக்குள்ளேயே இருக்கிறது.

தொழிலாளர் குழுக்கள்

நடுக்கால ஐரோப்பாவில் ஒவ்வொரு கைத்தொழிலுக்கும் ஒரு குழு இருந்தது. பொற்கொல்லருக்குப் புனித எலிஜியுஸ், செருப்புத் தைப்போருக்குப் புனித கிறிஸ்பின், மருத்துவருக்குப் புனித லூக்காஸ் என்று ஒவ்வொரு குழுவுக்கும் பாதுகாவலர் உண்டு. 13-ஆம் நூற்றாண்டில், புனித லூயி மன்னர் காலத்தில், பாரிஸ் நகர அதிகாரி எத்தியேன் புவாலோ நகரத்தின் ஏறத்தாழ நூறு தொழில்களின் விதிகளைத் திரட்டி ஒரே நூலில் எழுதுவித்தார். சேருவதற்குக் கட்டணம், ஆண்டுச் சந்தா, தவறு செய்தால் அபராதம் என்று இக்குழுக்களுக்கு வருமானம் வந்தது. அபராதத்தைப் பல இடங்களில் மெழுகாகவே வாங்கினார்கள். அது பீடத்தில் திரியாய் எரிந்தது. நோயுற்ற தோழனுக்கும், இறந்தவன் மனைவி மக்களுக்கும் இப்பெட்டியிலிருந்து உதவி சென்றது.

இக்குழுக்கள் பின்னர் ஏன் அழிந்தன? அரசு அழித்தது என்பது பாதி உண்மை. மீதிப் பாதிக்கு அவர்களே பொறுப்பு. நாளடைவில் சேர்க்கைக் கட்டணத்தை உயர்த்திக்கொண்டே போனார்கள். தலைமைத் தொழிலாளியின் மகனுக்குச் சலுகை. வெளியிலிருந்து வரும் ஏழைத் தொழிலாளிக்குப் பெருங் கட்டணம். உள்ளே இருப்பவரைக் காக்க ஏற்பட்ட சந்தா, வெளியே இருப்பவரைத் தடுக்கும் வேலியாயிற்று. ஆகவே பிரஞ்சுப் புரட்சியின்போது 1791-ல் அவற்றை ஒழித்தபொழுது அழுதவர் அதிகம் பேர் இல்லை. அதே ஆண்டு ஜூன் 14-ல் வந்த லெ ஷாப்பலியே சட்டம், ஒரே தொழிலைச் செய்வோர் தங்கள் பொது நலனுக்கெனக் கூடுவதையே குற்றமாக்கிற்று. தலைவர் வைக்கக் கூடாது; பதிவேடு வைக்கக் கூடாது. இனித் தொழிலாளி முதலாளியின் முன் தனியனாய் நிற்கவேண்டும். 1810-ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டத்தின் 291-ஆம் பிரிவு இன்னும் ஒரு முடிச்சைப் போட்டது: இருபதுக்கு மேற்பட்டோர் முறையாகக் கூடும் எந்தச் சங்கமும், சமயச் சங்கம் உள்பட, அரசின் அனுமதி பெறவேண்டும்.

இந்தச் சட்டங்களின் நிழலில்தான், பிரான்சு நாட்டின் லியோன் என்ற ஒரே நகரத்தில், ஏறத்தாழ ஒரே காலத்தில், இரண்டு சங்கங்கள் பிறந்தன. இரண்டும் சிறு குழுக்களால் ஆனவை; இரண்டும் சிறு காசுகளால் வாழ்ந்தவை.

பட்டு வணிகரின் மகள்

லியோன் பட்டு நெசவுக்குப் பேர் பெற்ற நகரம். அங்கே இரண்டு குன்றுகள். ஃபூர்வியேர் குன்றில் தேவமாதாவின் திருத்தலம். குருவா-ரூஸ் குன்றில் தறிகளின் ஓசை. ஒன்று செபிக்கும் குன்று, மற்றொன்று உழைக்கும் குன்று என்பது அந்நகர மக்களின் வழக்கு.

அந்நகரில் ஒரு பட்டு வணிகர் வீட்டில் 1799 ஜூலை 22-ல் பவுலின் ஜாரிக்கோ பிறந்தார். செல்வத்தில் வளர்ந்து, ஆடை அணிகளில் மனம் வைத்திருந்த அந்தப் பெண், 17-ஆம் வயதில் வீண்பெருமையைப் பற்றிய ஒரு பிரசங்கத்தைக் கேட்டு மனம் மாறினார். பட்டாடையைக் களைந்து, தொழிற்சாலைப் பெண்களைப்போல் எளிய உடை உடுத்தினார். கன்னியர் மடத்தில் சேரவில்லை. இறுதிவரை உலகில் வாழ்ந்த பொதுநிலையினராகவே இருந்தார்.

அவருடைய அண்ணன் பிலேயாஸ் பாரிஸ் நகரில் குருமடத்தில் படித்து வந்தார். புரட்சிக்குப்பின் தூர நாட்டு மிஷன்கள் ஆளின்றிப் பணமின்றித் தவித்த நிலையை அவர் தங்கைக்கு எழுதினார். பவுலின் தமக்குத் தெரிந்த பட்டுத் தொழிற்சாலைப் பெண்களிடம் கேட்டார்: வாரம் ஒரு சூ தரமுடியுமா? சூ என்பது 5 சாந்தீம் காசு. பிராங்கில் இருபதில் ஒரு பங்கு. வாரம் ஒரு காசு என்ற எண்ணம் அக்காலத்தில் வேறிடங்களிலும் இருந்தது. பின்னாளில் செராம்பூரில் பணியாற்றிய பிரிவினைச் சகோதரரான வில்லியம் கேரி, 1792-லேயே தம் நூலொன்றில் வாரம் ஒரு பென்னி தரும்படி தம் சபையாரை வேண்டியிருந்தார். காசு கேட்பது புதிதன்று. பவுலின் கண்ட புதுமை, காசு நடந்துபோக ஒரு பாதை அமைத்ததுதான்.

பத்து, நூறு, ஆயிரம்

1819-ஆம் ஆண்டு ஒரு மாலையில் வீட்டார் சீட்டாடிக் கொண்டிருந்தபோது, அடுப்பருகே அமர்ந்திருந்த பவுலின் ஒரு சீட்டின் பின்புறத்தில் இந்தத் திட்டத்தைக் குறித்தார் என்று அவருடைய வரலாறு எழுதியோர் கூறுவர். திட்டம் மிக எளிது. ஒருவர் பத்துப் பேரைச் சேர்க்கவேண்டும். வாரந்தோறும் அவர்களிடம் காசு வாங்கவேண்டும். இப்படிப்பட்ட பத்துத் தலைவர்கள் ஒரு நூறின் தலைவரிடம் தருவார்கள். பத்து நூறுகள் ஓர் ஆயிரத்தின் தலைவரிடம் தரும். ஆயிரத்தின் தலைவர்கள் நடுமையத்தில் சேர்ப்பார்கள்.

இதன் கணக்கைப் பாருங்கள். வாரம் 5 சாந்தீம் என்றால் ஆண்டுக்கு 2 பிராங்கு 60 சாந்தீம். ஒரு பத்துக்கு 26 பிராங்கு. ஒரு நூறுக்கு 260. ஓர் ஆயிரத்துக்கு 2,600. ஏழைத் தறிக்காரியும் தரக்கூடிய தொகை அது. ஆனால் கணக்கைவிடச் சிறந்தது அதற்குள் இருந்த மனித அறிவு. எந்தத் தலைவருக்கும் பத்துப் பேருக்கு மேல் பொறுப்பில்லை. பத்துப் பேரின் முகமும் தெரியும், வீடும் தெரியும். ஒருத்தி இந்த வாரம் தரவில்லையென்றால், மறந்தாளா, நோயுற்றாளா, வேலையிழந்தாளா என்று தலைவிக்குத் தெரியும். ஆயிரம் பேர் பெயருள்ள நோட்டில் வெற்றிடம் என்பது வெறும் பாக்கிக் கணக்கு. பத்துப் பேர் நடுவில் அது தெரிந்த ஒருத்தியின் துன்பம்.

ஓர் இளம் பெண் இப்படிப் பணம் சேர்ப்பது முறையா என்று முணுமுணுத்தவர்களும் உண்டு. அதையும் மீறி வேலை வளர்ந்தது. 1822 மே 3-ஆம் நாள், திருச்சிலுவை கண்டெடுத்த திருநாளன்று, லியோன் நகரப் பொதுநிலையினர் சிலர் கூடி இதை எல்லா மிஷன்களுக்கும் உரிய பொதுச் சங்கமாக நிறுவினர். அதுவே விசுவாசம் பரப்பும் சபை. முதலாண்டு வசூல் 22,000 பிராங்குக்குச் சற்று மேல். வாரம் ஒரு சூ என்ற கணக்கில் பார்த்தால் ஏறத்தாழ 8,500 பேரின் ஓராண்டுச் சந்தா அது. அதை மூன்று பங்காக்கி, ஒன்றைக் கீழ்த்திசை மிஷன்களுக்கும், ஒன்றை வட அமெரிக்காவில் லூயிசியானாவுக்கும், ஒன்றைக் கென்டக்கிக்கும் அனுப்பினர்.

சபையை நடத்திய முறையில் மூன்று காரியங்களைக் கவனிக்கவேண்டும். முதலாவது, பணம் மேலே சென்ற அதே பாதையில் செய்தி கீழே வந்தது. தூர நாட்டுக் குருக்களின் கடிதங்களை இதழாக அச்சிட்டு, பத்துப் பேருக்கு ஒரு பிரதி வீதம் தந்தார்கள். ஒருவர் படித்து அடுத்தவருக்குத் தரவேண்டும். படிக்கத் தெரியாதவர் கேட்டுத் தெரிந்துகொண்டார். இரண்டாவது, எந்த மறைமாவட்டத்திலிருந்து எவ்வளவு வந்தது, எந்த மிஷனுக்கு எவ்வளவு சென்றது என்று ஆண்டுதோறும் கணக்கு அச்சாயிற்று. மூன்றாவது, நிரந்தர நிதி என்று அவர்கள் சேர்த்து வைக்கவில்லை. அந்தந்த ஆண்டு வந்ததை அந்தந்த ஆண்டே பகிர்ந்து கொடுத்தார்கள். பெட்டி ஆண்டுதோறும் காலியாயிற்று. ஆகவே ஆண்டுதோறும் உறுப்பினர் தேவைப்பட்டனர்.

நம் தமிழகத்துக்கும் இதில் பங்குண்டு. கீழ்த்திசைக்கென்று ஒதுக்கிய பங்கைப் பெற்றது பாரிஸ் வேதபோதகச் சபை. அச்சபைதான் 1776 முதல் புதுச்சேரி மிஷனை நடத்தி வந்தது. 1837-ல் பிரஞ்சு இயேசு சபைக் குருக்கள் நால்வர் புதுச்சேரியில் வந்திறங்கி, அடுத்த ஆண்டில் புதிய மதுரை மிஷனைத் தொடங்கினர். அந்த மிஷனுக்கும் லியோன் சபையின் உதவி வந்தது. மதுரையிலிருந்து எழுதிய கடிதங்கள் லியோன் இதழில் அச்சாயின. நம் நாட்டைக் கண்ணாலும் கண்டிராத தறிக்காரிகள் வாரந்தோறும் எடுத்து வைத்த செப்புக் காசு, நம் முன்னோர் செபித்த கோயில்களின் சுவர்களில் கலந்திருக்கிறது.

1922 மே 3-ஆம் நாள், சரியாக நூறு ஆண்டுக்குப்பின், திருத்தந்தை 11-ஆம் பத்திநாதர் இச்சபையைத் திருப்பீடத்தின் சபையாக்கி உரோமைக்கு மாற்றினார். 1926-ல் மறைபரப்பு ஞாயிற்றை ஏற்படுத்தினார். அக்டோபர் மாதத்தில் நம் கோயிலில் அந்த ஞாயிறன்று நாம் இடும் காணிக்கை, பவுலின் அமைத்த பாதையில்தான் இன்றும் நடக்கிறது.

எதிர்க் குன்றில்

இனி உழைக்கும் குன்றுக்குப் போவோம். லியோனில் அக்காலத்தில் சுமார் 8,000 பட்டறைத் தலைவர்கள் தங்கள் வீடுகளிலேயே தறி வைத்து நெய்தார்கள். நூலைத் தருபவரும், கூலியை முடிவு செய்பவரும் வணிகர்கள். ஒவ்வொரு நெசவாளியும் தனித்தனியே வணிகரின் வாசலில் நின்றதால் கூலி இறங்கிக்கொண்டே போனது. இதற்கு ஒரு மாற்றுக் காண விரும்பினார் பியேர் ஷார்னியே என்ற நெசவாளர். அவர் கத்தோலிக்கர். 1828-ல் பட்டறைத் தலைவர்களைக் கொண்டு பரஸ்பரக் கடமைச் சங்கம் என்ற பொருள்படும் பெயரில் ஒரு தொழிற்சங்கத்தை அமைத்தார். நோயிலும் வேலையில்லாத நாளிலும் ஒருவருக்கொருவர் உதவுவது, தொழில் அறிவைப் பகிர்ந்துகொள்வது, கூலி விஷயத்தில் ஒன்றுபட்டு நிற்பது என்பன அதன் நோக்கங்கள்.

இருபது பேருக்கு மேல் கூடினால் சட்டம் பாயும். ஆகவே சங்கத்தை இருபதுக்குக் குறைவான உறுப்பினர் கொண்ட குழுக்களாகப் பிரித்தார்கள். ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு தலைவர். குழுத் தலைவர்கள் வழியே ஒரு நடுமன்றம். பவுலினுடைய பத்துக்களை இது அப்படியே நினைவூட்டுகிறது. பக்தி முயற்சியும் தொழில் முயற்சியும் ஒரே வடிவத்தைக் கண்டடைந்தன. ஏனெனில் இரண்டும் எளியவர்களை நம்பி நடந்தவை.

1831 அக்டோபரில் கூலிக்கு ஒரு குறைந்த அளவை நிர்ணயித்து ஓர் உடன்படிக்கை ஏற்பட்டது. வணிகர் பலர் அதை ஏற்க மறுத்தனர். நவம்பர் 21-ல் நெசவாளர் கிளர்ந்தெழுந்தனர். உழைத்து வாழ்வோம், இன்றேல் போராடிச் சாவோம் என்ற பொருள்பட அவர்கள் கறுப்புக் கொடியில் எழுதினர். சில நாட்கள் நகரமே அவர்கள் கையில் இருந்தது. அவர்கள் கொள்ளைக்கு இடங்கொடாமல் ஒழுங்கு காத்தார்கள். பின்பு படை வந்தது, உடன்படிக்கை இரத்தாயிற்று. 1834 பிப்ரவரியில் கூலிக் குறைப்பை எதிர்த்துச் சங்கம் வாக்கெடுத்து எல்லாத் தறிகளையும் நிறுத்தியது. அரசு தலைவர்களைச் சிறைப்பிடித்தது. ஏப்ரல் 9 முதல் நகரில் இரத்தம் ஓடியது; நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். ஏப்ரல் 10-ஆம் தேதிச் சட்டம், இருபதுக்குக் குறைவான குழுக்களாகப் பிரிந்து இயங்கும் சங்கங்களையும் தடைசெய்தது.

பிரான்சில் தொழிற்சங்கங்களை அனுமதிக்கும் சட்டம் 1884 மார்ச் 21-ல்தான் வந்தது. 1791-லிருந்து எண்ணினால் 93 ஆண்டுகள். 1891 மே 15-ல் திருத்தந்தை 13-ஆம் சிங்கராயர், தொழிலாளரைப் பற்றிய தமது சுற்றுமடலில், சங்கம் சேர்வது மனிதனின் இயற்கையான உரிமை என்றும், அரசு அதைப் பறிக்க முடியாது என்றும் உலகறியப் போதித்தார். இன்று நாம் தடையின்றி ஒரு நோட்டை எடுத்துப் பெயரெழுதிச் சந்தா வாங்குகிறோமே, அதற்காக உயிர் கொடுத்தவர்கள் உண்டு என்பதை மறக்கலாகாது.

மேற்பார்வையில்லாப் பணம்

ஃபூர்வியேர் குன்றிலிருந்து பவுலின் இந்தத் துன்பத்தையெல்லாம் கண்டார். 1826-ல் அவர் வாழும் செபமாலை இயக்கத்தைத் தொடங்கியிருந்தார். அதிலும் அதே வழிதான்: பதினைந்து பேர் ஒரு குழு, ஒவ்வொருவருக்கும் நாள்தோறும் ஒரு தேவ இரகசியம், எல்லாரும் சேர்ந்தால் முழுச் செபமாலை. ஆனால் செபிக்கும் தொழிலாளிக்கு வாழ வழியும் வேண்டுமல்லவா? நியாயமான கூலி, வீடு, பள்ளி, கோயில் எல்லாம் அமைந்த ஒரு தொழிலாளர் ஊரை உண்டாக்க விரும்பினார். 1845-ல் தென் பிரான்சில் ருஸ்திரெல் என்ற இடத்தில் இரும்பு உலைக்கூடம் ஒன்றை வாங்கினார். தம் சொத்தைப் போட்டார். அவரை நம்பி ஏழை எளியோரும் தங்கள் சேமிப்பைத் தந்தனர்.

நிர்வாகத்தை ஏற்றவர்கள் நேர்மையற்றவர்கள். பணம் மறைந்தது; உலைக்கூடம் திவாலாயிற்று. தம்மை நம்பிப் பணம் தந்த ஒவ்வொருவருக்கும் திருப்பித் தந்துவிடவேண்டும் என்று பவுலின் மீதி வாழ்நாள் முழுவதும் வாசல் வாசலாக ஏறி இறங்கினார். தாம் வித்திட்ட சபையிடமும் உதவி கேட்டார், கிடைக்கவில்லை. செல்வர் வீட்டில் பிறந்தவருடைய பெயர் லியோன் நகர ஏழைகளின் பட்டியலில் ஏறியது. ஆர்ஸ் நகர்ப் பங்குக் குருவான புனித வியான்னி அவருக்கு ஆறுதல் தந்த நண்பராயிருந்தார். 1862 ஜனவரி 9-ல் வறுமையிலேயே அவர் கண்மூடினார். 1963-ல் திருத்தந்தை 23-ஆம் அருளப்பர் அவரை வணக்கத்துக்குரியவர் என அறிவித்தார். 2022 மே 22-ஆம் நாள், சபையின் இருநூறாம் ஆண்டில், லியோன் நகரிலேயே முத்திப்பேறு பெற்றவர் நிலைக்கு அவர் உயர்த்தப்பட்டார்.

ஒரே பெண், ஒரே நல்லெண்ணம், இரண்டு முயற்சிகள். ஒன்று உலகெங்கும் பரவியது; மற்றொன்று சில ஆண்டுகளில் சிதைந்தது. ஏன்? வாரம் ஒரு காசு பல படிகளைக் கடந்து சென்றது. ஒவ்வொரு படியிலும் அதைக் கொடுத்தவரும் வாங்கியவரும் ஒருவரையொருவர் அறிந்திருந்தனர். ஆண்டுதோறும் கணக்கு வெளியாயிற்று. ருஸ்திரெலிலோ பெருந்தொகை ஒரே இடத்தில் சேர்ந்து ஒருசிலர் கையில் அடங்கியது. கணக்குக் கேட்க உறுப்பினர் என்று எவரும் இல்லை. நம்பிக்கை மட்டுமே இருந்தது. புனிதத் தன்மை கணக்குப் புத்தகத்துக்கு ஈடாகாது. நல்லவர் நடத்துகிறார் என்பதற்காக மேற்பார்வையைக் கைவிட்டால், ஏமாறுவது அந்த நல்லவரும் அவரை நம்பிய ஏழைகளுமே.

நமக்கு

பங்கு மக்களே, இவ்வரலாற்றிலிருந்து நம் சங்கங்களுக்கு எடுத்துக்கொள்ளத் தக்கவை சிலவற்றைச் சொல்லி முடிக்கிறேன்.

சந்தா சிறியதாக இருக்கட்டும். நாள் தவறாமல் இருக்கட்டும். ஆண்டு முடிவில் மொத்தமாக வசூலிப்பது கடன்காரனைத் தேடிச் செல்வதுபோல் ஆகிவிடுகிறது. வாங்குபவருக்கும் கூச்சம், தருபவருக்கும் சுமை.

வசூலிப்பவருக்குப் பத்து வீடுகளுக்கு மேல் வேண்டாம். நம் அன்பியங்கள் இதற்கென்றே அமைந்தவைபோல் இருக்கின்றன. ஒருவரே நூறு வீடு ஏறினால் அவர் பணத்தை மட்டுமே பார்ப்பார். பத்து வீடு ஏறுபவர் மனிதரைப் பார்ப்பார்.

பணம் போன பாதையில் செய்தியும் திரும்பி வரவேண்டும். வின்சென்ட் தே பவுல் சபையின் சந்தாவில் எத்தனை குடும்பங்களுக்கு அரிசி போயிற்று, எத்தனை பிள்ளைகளுக்குப் பள்ளிக் கட்டணம் கட்டினோம் என்று தந்தவருக்குத் தெரியவேண்டும். உதவி பெற்றோர் பெயரைச் சொல்ல வேண்டாம்; எண்ணிக்கையைச் சொல்லலாம். செய்தி வராத இடத்தில் சந்தாவும் நாளடைவில் நின்றுபோகும்.

கணக்கை எவரும் கேட்குமுன் காட்டுங்கள். கேட்டபின் காட்டினால் அது சந்தேகத்துக்குப் பதில். கேட்குமுன் காட்டினால் அது மரியாதை. ஒருவர் வாங்க, மற்றொருவர் எழுத, மூன்றாமவர் சரிபார்க்கட்டும். இவ்விதி பங்குத் தந்தைக்கும் பொருந்தும். புனித சின்னப்பரே தமக்கு இதை விதித்துக்கொண்டார் என்றால் எங்களுக்கு விலக்கு ஏது?

கடைசியாக, அந்தப் பழைய கேள்வி: கட்ட இயலாதவரை என்ன செய்வது? பாக்கியிருப்பதால் திருமண ஓலையும் சாவுச் சடங்கும் தாமதமாகும் நிலை சில ஊர்களில் உண்டு என்பதை நாம் அறிவோம். அது லனுவியத்துக் கல்வெட்டின் வழி. கட்ட மனமில்லாதவர் வேறு. கட்ட வழியில்லாதவர் வேறு. முன்னவரிடம் பேசுங்கள், பின்னவர் பெயருக்கு நேரே, எவரும் அறியாமல், சங்கமே அந்தக் கட்டத்தை நிரப்பட்டும். ஆனால் அவர் பெயரை மட்டும் நோட்டிலிருந்து அடித்துவிடாதீர்கள். அவர் இரந்து வாங்குபவராக இல்லாமல் உறுப்பினராகவே நிலைத்திருக்க வேண்டும். அதற்காகத்தான் தெர்த்தூலியன் காலத்துக் கிறிஸ்தவர்கள் தங்கள் பெட்டியை வைத்திருந்தார்கள்.

இந்த யூபிலி ஆண்டில் நம் கோயிலைப் புதுப்பித்துள்ளோம், வர்ணம் தீட்டியுள்ளோம். அதே கையோடு நம் சங்கங்களின் சந்தா நோட்டுகளையும் புதிதாகத் திறப்போம். அவற்றின் முதற் பக்கத்தில் மிகவும் ஏழையான உறுப்பினரின் பெயர் இருக்கட்டும். முத்திப்பேறு பெற்ற பவுலின் ஜாரிக்கோ நமக்காக வேண்டிக்கொள்வாராக.